மூன்றாம் நம்பர் அட்டை

விண்ணப்பத்தின் பதினோராம் கேள்வியை வாசிக்காமல் தாண்டிவிடத்தான் பார்த்தான் சொரிமுத்து. கண் கேட்டால்தானே. வலிப்பு, மயக்கம், கைநடுக்கம் ஏதேனும் உண்டா? இல்லை. அந்த இல்லைக்குப் பக்கத்தில் பெரிய டாக்டரின் கையெழுத்து, அதன் மேல் வட்டமாக முத்திரை. டீ குடித்துக்கொண்டே போட்டுக் கொடுத்த கையெழுத்து அது. துப்பாக்கி சுடப் போறியா, ரொம்ப நல்லது, முதல்ல நம்ம கேன்டீன் மாஸ்டரைச் சுடு, இந்த டீயை மனுஷன் குடிப்பானா என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தாளைத் தள்ளிவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கையை நீட்டு என்று சொல்லவில்லை. விரலை விரி, மூக்கைத் தொடு, ஒன்றும் கிடையாது. இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் கையை நீட்டி நீட்டிப் பார்த்துப் பழகிக்கொண்டு போனவனுக்கு அது ஏமாற்றமாக இருந்ததா, ஆறுதலாக இருந்ததா என்று இன்னும் பிடிபடவில்லை. எரிச்சல் மட்டும் நன்றாகப் பிடிபட்டது. இந்த ஊரில் எவனுக்கும் எதையும் பார்த்துச் செய்யத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவன். நரம்பே கிடைக்காத கிழவர்கள், துணியில் சுருட்டி வைத்த பச்சைப் பிள்ளைகள், யாருக்கு ஊசி ஏறவில்லையென்றாலும் சொரிமுத்துவைக் கூப்பிடு என்பார்கள். அந்தச் சொரிமுத்து கைநடுக்கம் இல்லையென்று சான்று கேட்டு வந்து நிற்கிறானே, எதற்கு என்று ஒரு டாக்டருக்குத் தோன்ற வேண்டாமா? தாள் கையில் படபடத்தது. காற்று. துப்பாக்கி சுடுகிற மைதானம் இருக்கும் பொத்தைமேட்டில் காலை எட்டு மணிக்கே காற்று ஆரம்பித்துவிடும் என்று போன ஞாயிற்றுக்கிழமையே சொன்னார்கள். தகரக் கொட்டகைக்கு வெளியே கம்பத்தில் சிவப்புக் கொடி விறைத்துப் பறந்தது. உள்ளே துப்பாக்கி சுடுகிறார்கள், யாரும் வராதே என்பதற்கான கொடி. காற்றுதான், கொடியைப் பார்த்தாலே தெரிகிறதே என்று சொல்லிக்கொண்டு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

ரைபிள் கிளப்பில் சேரத்தான் வந்திருக்கிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி பிரமுகூட அப்படித்தான். நாப்பத்தாறு வயசுல இது என்ன கூத்து, ஞாயித்துக்கெழமையானா கறி எடுத்துக் குடுத்துட்டு வீட்ல கெடக்கப்படாதா என்று கேட்டாள். காலேஜில் என்.சி.சி.யில் சுட்டது, அந்த ஆசை விடவில்லை என்று என்னவோ சொல்லி வைத்தான். உண்மை வேறு. ஐம்பது மீட்டர் தள்ளி ஓர் அட்டை, கையில் பத்துத் தோட்டா. பத்தும் ஒன்றுகூடி விழுந்தால் கை நன்றாக இருக்கிறது. சிதறினால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. அட்டை டீ குடித்துக்கொண்டு கையெழுத்துப் போடாது. நரம்பு டாக்டரிடம் போகலாம், போகலாம்தான். காலையில் போனால் மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிடும், சாயங்காலத்துக்குள் பதிவுச் சீட்டு எழுதுகிற ஜன்னலில் கொண்டுபோய் உட்கார்த்திவிடுவார்கள், பிறகு ஓய்வு பெறுகிற வரைக்கும் பேர் என்ன, வயசு என்ன, என்ன செய்யுது என்று கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. மூன்று ஞாயிறு வந்து வெறும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு மூச்சு விடவும் அடக்கவும் பழகியாயிற்று. இன்றைக்குத் தோட்டா. இன்றைக்குத் தெரிந்துவிடும். தெரியாமலே இருந்தால்தான் என்ன என்று அடிவயிற்றில் ஒன்று கேட்டது.

மைதானத்துக்குப் பொறுப்பு ஏட்டையா மாசிலாமணி. ரிசர்வ் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேச மாட்டார்.

"சார், உங்களுக்கு ரெண்டாம் நம்பர் துப்பாக்கிதான் இருக்கு," என்றார். "அது இடது பக்கமா, கொஞ்சம் கீழ தள்ளும். அத ஒண்ணும் கண்டுக்கிடாதீங்க, நடுவுலயே பிடிச்சு அடிங்க. எங்க விழுதுன்னு நாங்க பாக்க மாட்டோம். ஒண்ணுகூடி விழுதான்னுதான் பாப்போம்."

"நல்ல துப்பாக்கி எதுவும் இல்லையா?"

"ஒண்ணாம் நம்பர் ரிப்பேர்ல கெடக்கு சார். இன்னொரு விஷயம். உங்க எடம் மூணு, அட்டையும் மூணு. மூணுல ஒண்ணுமே விழலேன்னா பரவால்ல, அடுத்த மாசம் வந்து இன்னொரு தடவை சுடலாம். பக்கத்து ஆளு அட்டையில போட்டுட்டீங்கன்னா மட்டும் விண்ணப்பம் அன்னைக்கே தள்ளுபடி. எங்க சுடுதோம்னு தெரியாதவங்க கையில துப்பாக்கி குடுக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

நாற்பத்தாறு வயசு ஆளுக்கு மூன்றுக்கும் நாலுக்கும் வித்தியாசம் சொல்லித் தருகிறாராம். தலையாட்டினான். போதாக்குறைக்கு நாலாம் இடத்தில் வக்கீல் தளவாய், கிளப்பின் உதவித் தலைவர், சொரிமுத்துவின் விண்ணப்பத்தில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர். அவருக்குச் சொந்தத் துப்பாக்கி. வெளிநாட்டில் இருந்து வரவழைத்தது, பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். என்னவே சொரிமுத்து, கையி ஆடாமச் சுடும் என்றார் சிரித்துக்கொண்டே. எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். இருந்தாலும் சொரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. அவருக்கு எப்படித் தெரியும், பிரமு ஏதாவது, சே, பிரமுவுக்கே தெரியாதே, ஒருவேளை ஆஸ்பத்திரியில் யாராவது, அன்றைக்கு ஊசி தவறிய அந்தப் பிள்ளையின் அம்மா, இல்லை, நர்ஸ்.

தென்னை நார்ப் பாயில் குப்புறப் படுத்து, முழங்கையை மணல் மூட்டையில் ஊன்றிக்கொண்டான். துப்பாக்கிக்கட்டையில் எண்ணெய் வாசனையும் யார் யாருடைய வியர்வையோ ஊறிய வாசனையும் வந்தது. கன்னத்தை அதில் வைக்கக் கூசியது. எதிரே மொட்டைப் பாறைக் குன்றாகப் பொத்தை, அதன் அடிவாரத்தில் மண்சுவர், அதற்கு முன்னால் வரிசையாக ஆறு அட்டை, ஆறும் ஒன்றுபோலக் கறுப்பு வட்டம். அட்டைக்கு அடியில் தகரத்தில் நம்பர் எழுதியிருந்தது, வெயிலில் வெளுத்துப்போய் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இடமிருந்து எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. இதுதான். பக்கத்தில் தளவாய் சுட ஆரம்பித்திருந்தார், டப், டப் என்று, இடைவெளியே இல்லாமல். அப்பா இப்படித்தான் டிக்கெட் கிழிப்பார். அரசாங்க பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று, நெருக்குகிற கூட்டத்தில், ஒன்றைக் கிழித்தால் ஒன்றுதான் வரும், இரண்டாகச் சேர்ந்து வந்ததே கிடையாது. அந்த மனுஷனின் கைதான் கடைசியில் அப்படி ஆனது. டிப்போ பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டே இருக்கும், தடவி, தடவி, நிற்கவே நிற்காது. அண்ணாச்சி லீவுலயும் டிக்கெட் கிழிக்காரு என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் போகட்டும். குடிக்கிறார் என்று சொன்னார்கள். ஒரு சொட்டு வாயில் வைக்காத மனுஷனை. அம்மா அவருக்கு மட்டும் காபியைப் பாதி டம்ளர் ஊற்றிக் கொடுப்பாள், சிந்தக்கூடாதென்று, மீதியைப் பிறகு ஊற்றுவாள், அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. சொரிமுத்துவும் திறந்ததில்லை. பத்தொன்பது வயசில் அப்பாவோடு பஸ்ஸில் போகக் கூச்சப்பட்டு நடந்தே காலேஜுக்குப் போனவன் அவன். அது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது? மூச்சை இழுத்தான். பாதி விட்டான். விரலைத் துப்பாக்கி விசையில் வைத்தான்.

"நிறுத்து! நிறுத்து!" என்று ஏட்டையா விசில் ஊதினார்.

ஆடு. பொத்தைக்குப் பின்னால் இருந்து ஒரு இருபது ஆடு இறங்கி வந்து அட்டைகளுக்கு முன்னால் சாவகாசமாக நின்று மேய்ந்தன. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து பின்னால் வர வேண்டும், அதுதான் சட்டம். ஏட்டையா துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினார். பின்னால் எங்கிருந்தோ ஒரு கிழவி, என் ஆட்ட மட்டும் தொட்டியோ என்று கத்தினாள். சொரிமுத்துவுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போல இருந்தது. இரண்டு மாதமாக ராத்திரி தூக்கம் இல்லை, மூன்று ஞாயிறு பிரமுவிடம் பேச்சு வாங்கியாயிற்று, டாக்டர் டீ குடிக்கிறார், இருக்கிறதிலேயே உருப்படாத துப்பாக்கி, கடைசியில் ஆடு. கொட்டகை நிழலில் நின்றான். கையைப் பையில் விட்டுக்கொண்டான். அந்தப் பிள்ளை பிறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை. புறங்கையில் நரம்பு நன்றாகவே தெரிந்தது, அதுதான் பெரிய கொடுமை, நர்ஸ் படிக்கிற பெண்கூட எடுத்துவிடுவாள். முதல் குத்தில் கிடைக்கவில்லை. இரண்டாவது குத்தில் நரம்புக்கு வெளியே போய்விட்டது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோலுக்கடியில் நீலமாகப் பரவியது. பிள்ளை கத்திக் கத்திச் சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்துகொண்டிருந்தது. அதன் அம்மா பிள்ளையைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை! டிப்போவில் அப்பாவின் கையைப் பார்ப்பார்களே, அதே பார்வை. கை ஆடியதா? ஆடியதாக அவனுக்குத் தெரியவில்லை. ஆடாமலா தவறியது? மனசு எங்கேயாவது போயிருந்ததா? அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது, ஒன்றும் நடக்கவில்லை, இட்லி தின்றான், வண்டிக்குப் பெட்ரோல் போட்டான். அதற்கு அடுத்த வாரம் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது பிரமு கேட்டாள், விரல்ல என்ன ஒட்டியிருக்கு, உருட்டிக்கிட்டே இருக்கீங்க? சோத்துப் பருக்கை என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினான். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. உனக்கு வேற வேலையே இல்லையா என்று அவளிடம் காரணமில்லாமல் கத்தினான். ஆடுகள் போக அரை மணி நேரம் ஆயிற்று.

மறுபடி படுத்தான். பாய் சுட்டது. முழங்கைக்கு இடம் கிடைக்கவில்லை, மூட்டையை நகர்த்தினான், உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டான், கறுப்பு வட்டம் குறிக்குள் வந்து உட்கார்ந்தது. வேறு எதையும் நினைக்கக் கூடாது. டப். தோளில் லேசாக இடித்தது, அவ்வளவுதான். எங்கே விழுந்தது என்று இங்கிருந்து தெரியாது, கறுப்பில் விழுந்த ஓட்டை கறுப்பாகத்தான் இருக்கும். இரண்டு. மூச்சைப் பாதியில் நிறுத்தும்போது காதுக்குள் நாடி கேட்டது, இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு அமைதி, அந்த அமைதியில் விரல் தானாக மடங்கியது. மூன்று, நாலு. ஊசி ஏற்றுகிறதும் இப்படித்தான், பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கிற அந்த நொடியில் போய்விட வேண்டும். ஐந்தாவதில் அப்பா போய்விட்டார். ஆறாவதில் அந்தப் பெண்ணின் பார்வை போய்விட்டது. இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. பத்தாவது தோட்டா போன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. கன்னத்தைக் கட்டையிலேயே வைத்துக்கொண்டு கிடந்தான்.

விசில் ஊதியதும் மூன்று பேரும் அட்டையைப் பார்க்க நடந்தார்கள். ஐம்பது மீட்டர் நடக்க இவ்வளவு நேரமா. மூன்றாம் நம்பர் அட்டைக்கு முன்னால் போய் நின்றான். அட்டை புத்தம் புதிதாக இருந்தது. கறுப்பில் ஒன்றும் இல்லை. வெள்ளையில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது, அதைக்கூட ஓட்டையோ என்று குனிந்து பார்த்தான். பத்தில் ஒன்றுகூட இல்லை! சிதறும் என்று பயந்திருந்தானே தவிர, சிதறுவதற்குக்கூட வழியில்லாமல் ஒரேயடியாகப் போய்விடும் என்று நினைக்கவில்லை. கண் கலங்கியது. அப்படியென்றால் அந்த அமைதி, அந்த ஐந்தாவது ஆறாவது தோட்டா, எல்லாம் பொய்யா? நன்றாக இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றும்போதுதான் கை அதிகமாக ஆடுகிறதா? அப்படியென்றால் இனிமேல் எந்தப் பிள்ளையையும் தொடக் கூடாது. நாளைக்கே சொல்லிவிட வேண்டும். யாரிடம் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது. ஜன்னலில் உட்கார்ந்து சீட்டு எழுத வேண்டியதுதான், அதுவும் எத்தனை நாளைக்கு, எழுதுவதற்கும் கைதானே வேண்டும்.

"ஏட்டையா! இங்க வாரும், சீக்கிரம் வாரும்!" தளவாய் துள்ளாத குறையாகக் கூப்பிட்டார். "இந்தக் கூத்தப் பாத்தீரா?"

நாலாம் நம்பர் அட்டையில் நடுவட்டத்தைச் சுற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு பதினைந்து ஓட்டை. அவற்றோடு சேராமல் இடது பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு கொத்து. ஒன்றோடு ஒன்று ஒட்டி, தாள் கிழிந்து தொங்குகிற அளவுக்கு நெருக்கமாக.

"தீப்பெட்டிய வச்சு மறைச்சிரலாம்," என்றார் தளவாய். "முப்பது வருஷத்துல நான் இப்பிடிச் சுட்டதில்ல. கடைசியா கொஞ்சம் நிதானிச்சு அடிச்சேன் பாத்துக்கிடும், அப்ப விழுந்ததுதான். ஒரு போட்டோ எடும்."

"எத்தன சுட்டீங்க ஐயா?"

"இருவதோ இருவத்தஞ்சோ. யாருவே எண்ணினா?"

ஏட்டையா போட்டோ எடுக்கவில்லை. அந்தக் கொத்தைப் பார்த்தார். திரும்பி, பாயின் மேல் கிடந்த ரெண்டாம் நம்பர் துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு சொரிமுத்துவைப் பார்த்தார். சொரிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆடு. எழுந்து போய்த் திரும்பி வந்து படுத்தபோது அவன் எண்ணவே இல்லை. உடம்பைத் திருப்பினான், கறுப்பு வட்டம் ஒன்று எதிரே வந்தது, அதையே சுட்டுக்கொண்டிருந்தான். ஓட்டைகளை எண்ணினான். ஒன்பது தனித்தனியாகத் தெரிந்தது, ஒன்று இன்னொன்றின் மேலேயே விழுந்து வாய் பெரிதாகியிருந்தது. பத்து. அவனுடைய பத்து. அவனுடைய கை! உடம்பெல்லாம் சந்தோஷம் பாய்ந்த அதே நொடியில், அந்த மனுஷன் அதைத் தன்னுடையது என்று தடவிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வயிறு எரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் அடுத்த மாதம் வரலாம், இன்னொரு பத்துத் தோட்டா கிடைக்கும், கிளப்பிலும் சேரலாம். ஆனால் அடுத்த மாதம் கை எப்படி இருக்கும் என்று யார் கண்டது. இது இன்றைக்கு விழுந்தது. இதை விட்டுக்கொடுக்க முடியாது.

"அந்தக் கொத்து என்னோடது," என்றான்.

"என்னது?"

"இடது பக்கம், கீழ. அந்தத் துப்பாக்கிதான் அப்பிடித் தள்ளும்னு ஏட்டையாவே சொன்னாரு. நான் தெரியாம நாலுல சுட்டுட்டேன்."

"ஓய், என்ன பேசுதீரு? உமக்குக் கையெழுத்துப் போட்டவன் நானு. நான் சுட்டத உம்மதுங்கீரு?"

"சார், யோசிச்சுச் சொல்லுங்க," ஏட்டையா மெதுவாகச் சொன்னார். "உங்களோடதுன்னா நான் எழுதியாகணும். அப்புறம் இங்க வரமுடியாது."

"எழுதுங்க."

தளவாய் ஏதேதோ சொல்லிக்கொண்டே துப்பாக்கியைப் பட்டுத்துணியில் சுற்றினார், இதுக்குத்தான் கண்டவனுக்கும் கையெழுத்துப் போடக்கூடாதுங்கது என்பது மட்டும் காதில் விழுந்தது. ஏட்டையா கொட்டகைக்குப் போய், சொரிமுத்துவிடம் விண்ணப்பத்தை வாங்கி மேஜையில் விரித்துச் சிவப்பு மையில் எழுதினார். பக்கத்து அட்டையில் சுட்டார். தள்ளுபடி.

"பத்தும் ஒரே எடத்துல விழுந்துச்சுன்னும் எழுதுங்க ஏட்டையா."

"அதுக்கெல்லாம் கட்டம் கெடையாது சார்."

"ஓரத்துல எழுதுங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தளவாயின் கார் கிளம்புகிற சத்தம் கேட்கும் வரை பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அப்புறம் பதினோராம் கேள்விக்கு எதிரே, இடம் இருந்தது அங்கேதான், பத்தும் ஒரே இடத்தில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளை அவனிடமே கொடுத்தார். கண்ணால் பார்த்தவர் போட்ட கையெழுத்து. சொரிமுத்துவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. நாளைக்குக் காலையில் நேரே குழந்தைகள் வார்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தான். கிளப் போனால் போகட்டும், ஆடு மேய்கிற இடத்தில் கிளப் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். சாவியைத் தேடி இடது கையைப் பைக்குள் விட்டபடி நின்றான். வலது கை தாளைப் பிடித்துக்கொண்டு தொடையோரமாகச் சும்மா தொங்கியது. சரசரவென்று ஒரு சத்தம். ஓணானோ என்று காலடியில் பார்த்தான். சத்தம் தாளில் இருந்து வந்தது, காற்சட்டையில் உரசி உரசி. இந்தக் காற்று வேறே என்று அலுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் திரும்பினான். கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. குனிந்து கையைப் பார்த்தான். தாளின் விளிம்பில் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டிருந்தது, தடவி, தடவி. நிறுத்த நினைத்துத் தாளை முகத்துக்கு நேரே தூக்கினான், நின்றுவிட்டது. கையை இறக்கினான். மறுபடி ஆரம்பித்தது. ஓடுகிற பஸ்ஸில், நெருக்குகிற கூட்டத்தில், அப்பா ஒன்றைக் கிழித்தால் ஒன்றுதான் வந்தது. வேலை செய்யும்போது அந்தக் கை ஆடினதே இல்லை. பெஞ்சில் சும்மா இருக்கும்போதுதான். இது தெரிந்துதானே இருந்தது, முப்பது வருஷமாகக் கண் முன்னாலேயே இருந்ததே, இதற்குப் போய் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பத்துத் தோட்டாவும் ஒரு வக்கீலின் பகையும்!

போனை எடுத்தான். பிரமு எடுத்ததும் எடுக்காததுமாக, "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு நரம்பு டாக்டர் இருக்காருல்லா, அவருட்ட நாளைக்கு ஒரு டோக்கன் போட்டு வை," என்றான். "யாருக்குன்னு கேக்க மாட்டியா? எனக்குத்தான். பின்ன யாருக்கு?" என்று எரிந்து விழுந்தான்.

"நாளைக்கு இல்ல," என்றாள் பிரமு. "வியாழக்கெழமைக்குத்தான் குடுத்தாங்க. நான் போன வாரமே போட்டுட்டேன். மாமாவுக்கும் அப்பிடித்தான இருந்துச்சு. ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்லன்னுதான் தெரியல."

அவன் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டான். கோபப்படக்கூட ஒன்றும் மிச்சமில்லை.

"வெயில்ல நிக்காதீங்க," என்றாள். "வரும்போது கறி எடுத்துட்டு வாங்க."